அச்சில் வராத அத்தியாயம்

வியாழக்கிழமை மதிய ரயிலில் சென்னைப் பத்திரிகைகளின் கட்டு மைசூருக்கு வந்து சேரும். தேவராஜ மார்க்கெட்டின் வெளிச்சுவரை ஒட்டிய கடையில், வெற்றிலைக் கவுளிகளுக்கும் மல்லிகைக் கூடைகளுக்கும் நடுவே, கடைக்காரர் அந்தக் கட்டின் சணலை அறுக்கட்டும் என்று தமிழ் டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு நிற்பது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பத்திரிகை கைக்கு வந்ததும் அட்டையைப் பார்க்கமாட்டார். தன் தொடர்கதை வந்திருக்கும் பக்கத்தைத் தேடி எடுத்து, தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துவிடுவார். வீடு வரும்வரை பேச்சு கிடையாது.

நாங்கள் இருவரும் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் தமிழ். மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில் ஒரு மாடியைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, காரணத்தை நான் கேட்டதுமில்லை. ஊரிலிருந்து அவருக்குக் கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. கன்னடம் பேசும் ஊரில் தமிழில் எழுதுகிறவர், ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடுகிறவரைப் போல. அவருடைய குரல் சென்னைக்குப் போய், அச்சாகி, ரயிலேறித் திரும்பி வந்தால்தான் அவருக்கே கேட்கும்.

சீனப் போர் வந்த வருஷம் எல்லாம் மாறிப்போயிற்று. தீபாவளி மலருக்குக் காதல் கதை எழுதிய கைகளெல்லாம் ஒரே வாரத்தில் பனிமலையைப் பாட ஆரம்பித்தன. எங்கள் ஆசிரியைகள் அறையில் கன்னடப் பத்திரிகையும் இந்திப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் ஒரே மேஜையில் கிடக்கும். மூன்றிலும் இமயமலை வெள்ளைத் தலைப்பாகை கட்டிய தகப்பனாகவே நின்றது. மூன்றிலும் ஒரு தாய் தாலியைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தாள், மூத்தவன் விழுந்த சேதி வந்ததும் இளையவனுக்குத் திலகமிட்டாள். டவுன் ஹாலில் கவியரங்கம் நடந்தபோது கூட்டம் தெருவரைக்கும் நின்றது. நானும் கை தட்டினேன், அழுதுமிருக்கிறேன். அது பொய்யான கண்ணீர் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். வரும் வழியில், "எல்லாருக்கும் ஒரே கனவு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

அவருடைய தொடர்கதை ஓர் அக்காளையும் அவள் வளர்த்த தம்பியையும் பற்றியது. போர் தொடங்கியதும் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது: தம்பியை எல்லைக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். அந்தக் கதையை விட்டால் டீச்சருக்கு வேறு துணை இல்லை. தம்பியைப் பட்டாளத்தில் சேர்த்தார். அவன் பனியில் வழி தவறித் தன் படையைப் பிரிந்துபோகிற அத்தியாயம் வெளியானதும், அதுவரை இல்லாதபடி கடிதங்கள் வந்து குவிந்தன. எங்கள் தெருவில் தலைகூட அசைக்காதவர்கள் நின்று பேசினார்கள். அந்த நாட்களில்தான் அவர் இரவுச் சாப்பாட்டை மறக்கத் தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை காலை, அக்ரஹாரத்திலிருந்து ஒரு மாமி மாடிப்படி ஏறி வந்தார். மேல்கோட்டையிலிருந்து பல தலைமுறைக்கு முன்பே வந்த ஐயங்கார் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தது கன்னடம் மட்டும். அவர்கள் வீட்டில் குடியிருந்த பெண் ஒருத்தி தமிழ்க் கதையை வாரா வாரம் வாசித்துக் காட்டுவாளாம். மாமி மூச்சு வாங்கி முடிக்கும் முன்பே கேட்டுவிட்டார்.

"நீங்கதானே அந்தக் கதை எழுதறவா?"

"ஆமாம், உட்காருங்க."

"ஸ்வல்ப தண்ணி குடுங்கோ. எம் பிள்ளையாண்டான் அங்கதான் போயிருந்தான். காணோம்னு தந்தி வந்திருக்கு. செத்துட்டான்னும் இல்லே, இருக்கான்னும் இல்லே. காணோம், அவ்வளவுதான்." தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "உங்க கதையிலேயும் அந்தப் பையன் காணாமத்தானே போயிருக்கான். அவனை என்ன பண்ணப் போறேள்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். தம்பி கொடியைப் போர்த்திக்கொண்டு வீரமரணம் அடைய வேண்டும் என்று ஆசிரியர் எழுதியிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"இன்னும் எழுதலை, மாமி."

"எழுதறச்சே, ஆத்துக்குக் கொண்டு வந்து சேர்த்துடுங்கோ. உங்க கையிலதானே இருக்கு."

டீச்சர் அந்த வாரம் பள்ளிக்கு லீவு போட்டு எழுதினார். அச்சில் வருமுன் யாருக்கும் காட்டுகிற வழக்கம் அவருக்கு இல்லை; எனக்கும் காட்டவில்லை. தம்பி பிழைத்துக்கொண்டான் என்று மட்டும் சொன்னார். அந்த அத்தியாயம் போன வேகத்தில் திரும்பி வந்தது. 'வாசகர்களின் இன்றைய மனநிலைக்கு இது ஒவ்வாது' என்று ஒரு வரி. டீச்சர் எழுதிய தாள்களை அப்படியே கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் வைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் கடைக்குப் போகவில்லை. கதை நின்றிருக்கும் என்று நினைத்து நான்தான் போனேன். நிற்கவில்லை. அவர் பெயரிலேயே, அலுவலகத்தில் யாரோ எழுதிய கடைசி அத்தியாயம் வந்திருந்தது. பையன் செத்துப்போயிருந்தான். அக்காள் அழாமல் வணக்கம் செலுத்தினாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். டீச்சர் நின்றபடியே படித்தார். "மாமிக்கு இன்னிக்கு வாசிப்பாங்களே" என்றவர், செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிவிட்டார். அக்ரஹாரத்துத் தெருக்களில் அவருக்கு ஈடு கொடுத்து என்னால் நடக்க முடியவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வாசித்தாகிவிட்டது. மாமி அடுக்களையில் அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பாதி நறுக்கிய சௌசௌ அரிவாள்மணையிலேயே இருந்தது.

டீச்சர் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். "மாமி, அது நான் எழுதினதில்லை. சத்தியமா. என் பேரைப் போட்டு வேற யாரோ எழுதிட்டாங்க. நான் எழுதினதுல அவன் உயிரோட இருக்கான்."

மாமி நிமிர்ந்து பார்த்தார். "அவனைப் பெத்தது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்போ நீங்க சொல்றதுதான் நிஜம். அச்சுல இருக்கறது கிடக்கட்டும். சொல்லுங்கோ, பனியில விழுந்தவன் என்ன ஆனான்?"

எனக்குப் பள்ளியில் அன்றைய கடைசி வகுப்பு இருந்தது. டீச்சரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்ரஹாரத்துக்குப் போனார். ஒரே அத்தியாயம் எப்படி அத்தனை சனிக்கிழமைகளுக்கு நீண்டதென்று எனக்குத் தெரியாது. "என்னதான் சொல்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "அது மாமியோட கதை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ஊரெல்லாம் எழுத்தால் இரைந்துகொண்டிருந்த வருஷத்தில், எழுதுவதை நிறுத்திவிட்ட ஒருத்திக்கு முதல்முறையாக எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் கிடைத்திருந்தது.

மார்கழிக் குளிர் போயிற்று, யுகாதி போயிற்று. மாம்பழம் வரத் தொடங்கிய நாட்களில், சிறைப்பட்டவர்கள் விடுதலையாகும் பட்டியலில் மாமியின் பிள்ளை பெயர் இருப்பதாகச் செய்தி வந்தது. அவன் மைசூர் ஸ்டேஷனில் இறங்கியபோது நாங்களும் போயிருந்தோம். கூட்டத்தில் தலைதான் தெரிந்தது. மறு சனிக்கிழமை டீச்சர் பழக்கூடையோடு அக்ரஹாரத்துக்குப் போனார். வீடு நிறைய உறவுக்காரர்கள். மாமி அவர் கையைப் பிடித்து, "எங்க டீச்சர் வந்துட்டா, எங்க டீச்சர் வந்துட்டா" என்று யாரிடமோ சொல்லி, இலையில் மைசூர்பாகு வைத்துக் கொடுத்தாராம். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே போன மாமி திரும்பி வரவில்லை. டீச்சர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் வழக்கம்போல் வெளியே போகும் புடவையைக் கட்டிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பிறகு புடவையை மாற்றி, சுருக்கம் விழாமல் மடித்துப் பெட்டியில் வைத்தார். மாமியின் மேல் அவருக்கு வருத்தம் இல்லை. "நல்லபடியா வந்துட்டானே, அதுதானே வேணும்" என்று பலமுறை சொன்னார். அப்படி ஒவ்வொரு முறை சொல்லும்போதும் குரல் கொஞ்சம் இறங்கியது.

பத்திரிகைகளில் இமயமலை மறைந்து காதல் திரும்பி வந்தது. ஆசிரியர் புதுத் தொடர் கேட்டு எழுதினார். டீச்சர் பதில் போடவில்லை; பிறகு எழுதவே இல்லை. எனக்குக் கல்யாணமாகி நான் வேறு வீடு போனேன். அவர் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்கே போய், தனியாக ஒரு வீட்டில் இருந்து இறந்துபோனார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் மாமியின் பிள்ளையைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. மாமி காலமாகி வருஷங்கள் ஆகியிருந்தன. பழைய பேச்சு வந்தபோது, முகாமில் மிகவும் கஷ்டமா என்று கேட்டேன்.

"கொட்டகையில உட்கார்ந்திருந்தோம். முள்ளங்கியும் சோறும் போட்டா. வேற ஒண்ணும் நடக்கலை" என்றவர் சிரித்தார். "ஆனா எங்கம்மா சாகற வரைக்கும் எல்லார்கிட்டேயும் வேற ஒரு கதை சொல்லுவா. என்னைப் பனியில ஒரு ஊமை இடையன் கண்டெடுத்தானாம். காலைக் கம்பளியில சுத்தித் தன் வயித்தோட அணைச்சுச் சூடு பண்ணினானாம். அவனோட சடைமாட்டை நான் மேய்ச்சேனாம். பேச ஆள் இல்லாததால மாட்டோட தமிழ்லேயே பேசுவேனாம். போகப் போக அது என் குரலுக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சுதாம். நான் எங்கே சொன்னேன் இதெல்லாம்? எங்கிருந்து பிடிச்சாளோ தெரியலை. என் பேத்திகூட அதைத்தான் நம்பறா. சும்மனே நானும் மறுக்கலை."

நாதஸ்வரச் சத்தம் ஓங்கியது. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன, நான் ஆத்துக்கு வந்து சேர்ந்துட்டேன்" என்றார்.