கன்னத்தில் விழாத அறை

மைதிலிக்கு இளம்பிள்ளையில் ஒரு சேலைக்கடையில் வேலை. வாட்ஸப்பில் வரும் ஆர்டர்களுக்குப் பதில் போடுவாள், பார்சலில் முகவரி ஒட்டுவாள். கணவன் கந்தவேல் விசைத்தறி ஓட்டுகிறான். மாதக் கடைசி ஞாயிறன்று மட்டும் அவள் பஸ் ஏறி அஸ்தம்பட்டி போவாள். அங்கே கல்லூரி ஆசிரியை சௌமியாவின் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்லிக்கொள்வார்கள்.

ஒருமுறை அவள் வீட்டில் நடந்ததையே எழுதிக்கொண்டு போனாள். குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். கணவன் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோனான். பிறகு சாப்பிட உட்கார்ந்து வாயில் வைத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் கவிதை.

"நல்லாருக்கு. ஆனா ஒண்ணுமே நடக்கலியே?" என்றாள் சௌமியா.

"ஒரு அடி விழுந்தாத்தானுங்க கவித நிக்கும்" என்றார் அங்கே வழக்கமாக வரும் மாதேஷ்.

மூன்று தடவை திருத்தினாள். மூன்றாவதில் இந்த வரி வந்தது: 'அவன் ஐந்து விரல்களும் என் கன்னத்தில் உப்பைத் தேடின.' படித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு சிற்றிதழ் அவள் படத்தோடு அதை வெளியிட்டது.

அடுத்த வாரம் வாழப்பாடியிலிருந்து அவள் அண்ணன் பச்சமுத்து, பங்காளிகள் இருவரோடு காரில் வந்து இறங்கினார். அவர் மகள் அந்தக் கவிதையைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தாள்.

"மாப்ள, என் தங்கச்சி மேல கை வெச்சீங்களா?"

"நானுங்களா மச்சான்?"

பச்சமுத்து போனை நீட்டினார். கந்தவேல் நிதானமாகப் படித்தான். "ஒருநா கொழம்புல உப்பில்லீங்க. அது நெசந்தான். ஆனா அடிக்கலீங்க."

"அவரு அடிக்கலண்ணா. நானாத்தான் அப்படி எழுதினேன்" என்றாள் மைதிலி.

"பயப்படாத. நாங்க இருக்கோம்ல?"

அவள் மறுக்க மறுக்க அவர்களுக்குச் சந்தேகம் வலுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். "இன்னொரு தடவை இப்படிக் கேள்விப்பட்டா நல்லாருக்காது" என்று எச்சரித்துவிட்டு அண்ணன் கிளம்பினார். கந்தவேல் தலைகுனிந்து நின்றான். தப்பு செய்தவன் நிற்பதுபோலவே இருந்தது அது.

கார் போனதும் அவன் கேட்டான்: "நான் பேசாம தின்னுட்டுப் போனது எழுதறதுக்கு நல்லாவா இல்ல?"

மைதிலி உள்ளே போய்ப் போனை எடுத்தாள்.

சௌமியாவுக்குப் போன் செய்து அழுதாள். "கவிதைல வர்ற 'நான்' நீங்க இல்லன்னு படிக்கறவங்களுக்குத் தெரியும் மைதிலி" என்றாள் சௌமியா. வாழப்பாடியில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, முதலில் எழுதிய நோட்டோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அடித்தல் திருத்தல்களைக் காட்டி, யார் என்ன சொன்னார்கள், தான் எதற்காக மாற்றினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பச்சமுத்து நோட்டை மூடி அவளிடமே கொடுத்தார்.

"கை தட்டுவாங்கன்னா கட்டினவனை இப்படி எழுதுவியா?"

"எழுதிட்டேண்ணா."

அவர் அப்போதே கந்தவேலுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லீங்க மச்சான், உடுங்க" என்று அவன் சொன்னது போனிலிருந்து அவளுக்கும் கேட்டது.

பக்கத்து வீடுகளுக்கு அவளால் நோட்டை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. கந்தவேல் எப்போதும் தோளைத் தட்டித்தான் அவளை எழுப்புவான். இப்போது கதவருகே நின்று, "மைதிலி, மணியாச்சு" என்று கூப்பிடுகிறான். முன்பே விழித்துவிட்டாலும் அவள் கண்ணை மூடியபடி கொஞ்சநேரம் படுத்திருக்கிறாள்.