வீட்டுக்காரர் கையில் என் பாதம்

என் கால்களைப் போல ஒரு துரோகியை நான் பார்த்ததில்லை. பகலெல்லாம் பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து பூக் கட்டுகிறேன், அப்போது சாதுவாக இருக்கும். ராத்திரி பாயில் சாய்ந்தால் போதும், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். வலி என்றால் சொல்லித் தொலைக்கலாம். இது வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. உதறினால்தான் அடங்கும், மறு நிமிஷமே திரும்ப ஊரும்.

உதை வீட்டுக்காரர் மேல் விழும். கால் பட்டால் தொட்டுக் கும்பிடாமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு உதைக்கும் அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். உதையில் தூங்கினாலும் தூங்குவார், நான் தொடுவதில் விழித்துக்கொள்வார். விடியற்காலையில் பஸ் எடுக்க வேண்டிய டிரைவர். ஒருநாள் ஸ்டியரிங் பிடித்தபடியே கண் அசந்துவிட்டதாம். அன்றைக்கே தலையணையோடு கூடத்துக்குப் போய்விட்டார். ஏழு மாதமாகியும் திரும்பவில்லை. இருபது வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "உடம்புல இரும்புச் சத்தே இல்லம்மா, அதான் கால் இந்தப் பாடு படுத்துது" என்று மாத்திரை கொடுத்தார். சாயங்காலக் காபியை நிறுத்தச் சொன்னார். குணம் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகுமாம். எனக்கு அன்றைய ராத்திரியைத் தாண்டுவதே மலையாக இருந்தது.

சாரம் பகுதியில் பாதம் அழுத்திவிடும் ஒரு அம்மாவிடம் ஓடினேன். உள்ளங்காலில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தியவள், "நோவு போவாது, கொஞ்ச நேரம் அடங்கும். அதுக்குள்ள தூங்கிடணும். படுக்கறப்ப வீட்ல யாரையாவது அழுத்தச் சொல்லு" என்றாள். வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான். புருஷன் கையில் பாதத்தைக் கொடுப்பதா?

அன்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து, பூரிக்கட்டையை உள்ளங்காலில் உருட்டிக்கொண்டே அழுதேன். சத்தம் கேட்டு எழுந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"குடு காலை."

"வேணாங்க, பாவம்."

"இன்னா பாவம்? அங்க நான் மட்டும் நிம்மதியா தூங்கறேன்னு நெனச்சியா?"

பாதத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல். வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஊரல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவர் கையும் தளர்ந்தது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. சற்று நேரத்தில் கெண்டைக்காலுக்குள் மறுபடி ஊர ஆரம்பித்தது. உதறினால் விழித்துவிடுவார், எழுந்து கூடத்துக்குப் போய்விடுவார். முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். காலை அசைக்கவில்லை.