மஞ்சள் கட்டத்தில் விலகிய உருவம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அரியலூருக்குப் பக்கத்தில், வேலை நின்றுபோன ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரியின் விளிம்பில் நடந்தது இது. எதற்கும் தேதி குறித்து வைக்கிறவன் நான். அந்த நாளை மட்டும் குறிப்பைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தத் தாய்மாமன், என் மனைவியின் தம்பி, உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம் செய்கிறவன். அவனை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அவனும் நானும் கங்கைகொண்ட சோழபுரம் வரை சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு, என் பைக்கில் பெரம்பலூர் திரும்பிக்கொண்டிருந்தோம்.

என் தோள்பையில் இரண்டு ஃபிலிம் கேமராக்கள் இருந்தன. இரண்டுமே சாதாரண ஃபிலிமைவிட அகலமான ஃபிலிம் போடுபவை. ஒன்று செங்கல் கனம். படம் அவ்வளவு துல்லியமாக வரும். ஆனால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் போனால், நிலம் அளக்க வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். இன்னொன்று அதைவிட வயதான மடிப்புக் கேமரா. மடித்தால் பேண்ட் பைக்குள் போய்விடும், தினமும் எடுத்துப் போகலாம். ஆனால் எல்லாவற்றையும் நிதானமாகக் கையால் செய்ய வேண்டும். பயணத்துக்கும் அன்றாடத்துக்கும் எது சரி என்று பார்த்து, மற்றதை விற்றுவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஒரே இடத்தில், ஒரே ஆளை, இரண்டிலும் எடுத்து ஒப்பிட வேண்டும். குவாரி கண்ணில் பட்டதும் பைக்கை நிறுத்தினேன்.

கீழே பச்சைத் தண்ணீர், அசைவில்லாமல். வேலி இருந்த இடத்தில் சாய்ந்த கம்பங்கள் மட்டும். விளிம்பில் புல் மண்டிய ஒரு பாறை. மாப்பிள்ளை பாறை மேலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் எதிரே ஒரு கல்லில் ஏறி நின்றேன்.

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. தனியாக ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் நடுவில் சிறிய மஞ்சள் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் எதிரில் இருப்பவர் இரண்டாகத் தெரிவார். ஒருவர் திடமாக, இன்னொருவர் வெளிறி. வளையத்தைத் திருப்பத் திருப்ப, வெளிறியவர் நகர்ந்து வந்து மற்றவருக்குள் புகுந்துவிடுவார். அப்போது வளையம் காட்டும் எண்தான் நமக்கும் அவருக்கும் உள்ள தூரம்.

பெரிய கேமராவில் முதலில் எடுத்தேன். வெளிறிய மாப்பிள்ளை திடமான மாப்பிள்ளைக்குள் போய் அமர்ந்தான். மூன்று மீட்டர்.

பிறகு மடிப்புக் கேமராவில் ஃபிலிம் மாட்ட உட்கார்ந்தேன். அது லேசில் முடிகிற வேலை இல்லை.

“பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க மாமா. செல்லுல எடுத்திருந்தா இந்நேரம் ஸ்டேட்டஸ் வெச்சு பத்து பேரு ஹார்ட்டு விட்டிருப்பாங்க.”

“ஆடாம உக்காரு மாப்ள.”

கீழே தண்ணீரில் ‘டுபுக்’ என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

“மீனு கெடக்கு மாமா.”

நான் தலையாட்டினேன். ஒரு குருவிகூடக் கத்தவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுபடி அதே கல்லில் ஏறி நின்று மடிப்புக் கேமராவில் பார்த்தேன். மூன்றரை மீட்டர் காட்டியது. எனக்குச் சந்தோஷம்தான். பழைய கேமரா, உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கும். எதை விற்பது என்று முடிவாகிவிட்டது. உறுதி செய்துகொள்ளப் பெரிய கேமராவை எடுத்தேன். வளையம் வைத்தபடியே மூன்றில் இருந்தது. ஆனால் கட்டத்துக்குள், அவன் தோளை ஒட்டி வெளிறியவன் தனியாக வெளியே வந்திருந்தான்.

திருப்பி ஒன்றாக்கினேன். மூன்றரையைத் தாண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் வளையத்தைத் தொடாமலே, வெளிறியவன் மயிரிழை மயிரிழையாக மறுபடி விலகினான்.

“மாப்ள, பின்னாடி நகர்றியா?”

“கல்லு மேல உக்காந்துகிட்டு எங்க மாமா நகர்றது?”

அவன் நகரவில்லை. நானும் நகரவில்லை.

“கைய நீட்டு. மெதுவா எந்திரிச்சு வா.”

“என்ன மாமா, பேய பாத்த மாதிரி...” என்று சிரித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். குனிந்தான். பாறைக்கும் தரைக்கும் நடுவே புல் வகிடு எடுத்தது போலப் பிரிந்து, உள்ளே இருட்டாக இருந்தது. கேமராவைக் கீழே போட்டுவிட்டு, கல்லிலிருந்து குதித்து ஓடி, அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். தாண்டி வந்து என்மேல் விழுந்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. “ஏன் மாமா, இதுக்குப் போயி...” என்று அவன் ஆரம்பித்தான். பாறை சத்தமில்லாமல், தூங்கி விழுகிறவரைப் போல, அந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு அங்கே வானம் மட்டும் இருந்தது. தண்ணீரின் சத்தம் தாமதமாகத்தான் மேலே வந்தது. தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தபோது பச்சைத் தண்ணீரில் அவனுடைய ஒற்றைச் செருப்பு சுற்றிக்கொண்டிருந்தது.

பெரம்பலூரில் வீட்டு வாசலில் இறங்கியதும், “அக்காட்ட சொல்லிடாதீங்க” என்றான். செருப்பு எங்கே என்று அவள் கேட்டதும், “கோயில்ல எவனோ மாட்டிட்டுப் போயிட்டான்” என்றான். “உன் செருப்பக்கூட எடுக்க ஆளு இருக்கா?” என்று அவள் சிரித்தாள்.

ஃபிலிம் கழுவி வந்தபோது இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் அவன் காலடியில் புல் சீராக இருக்கிறது. மடிப்புக் கேமராவில் தூரம் பார்த்தபோது கை தானாக அழுத்திவிட்டிருந்த இரண்டாவது படத்தில் அதே சிரிப்பு, அதே சம்மணம். புல்லில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. ஒரே ஒரு கேமரா இருந்திருந்தால் அதன்மேல் பழி போட்டு, அவனை இன்னும் கொஞ்சம் உட்காரச் சொல்லியிருப்பேன். இரண்டையும் வைத்திருக்கிறேன், மனைவி ஏன் என்று கேட்பதையும் விட்டுவிட்டாள்.

காதுகுத்து அன்று அவன் மடியில் என் மகள் வீறிட்டு அழுதாள். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு மாமன்களும் ஒருவனானார்கள். உடனே நான் பொத்தானை அழுத்தவில்லை. அன்றிலிருந்து யாரைப் படம் எடுத்தாலும், ஒன்றான உருவம் ஒன்றாகவே இருக்கிறதா என்று சற்றுப் பார்த்திருந்துவிட்டுத்தான் அழுத்துகிறேன்.