இரும்பர் சரணடைவதில்லை

என் தம்பி கணித ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவனும் அவனுடைய சிநேகிதர்களும் செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் மேசையைப் போட்டு ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் இப்போது இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நினைத்தது பலிக்குமா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டை முடிவு செய்யும். அந்தக் கதையில் பூதங்கள் இருந்தன, மந்திரவாதிகள் இருந்தார்கள், யாரும் காணாத நாடுகளும் இருந்தன.

நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பேன். அதோடு என் பங்கு முடிந்துவிடும்.

கதை சொல்பவன் ஓட்டமாவடிக்காரன். தம்பியோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன். ஒன்றரை மணித்தியாலம் மோட்டார் சைக்கிளில் வருவான். அவனுடைய அசர் தொழுகைக்காக முன்னறையில் ஒரு பாயைக் கழுவிக் காயவைத்துத் தனியாகச் சுருட்டி வைத்திருந்தேன். இன்னொருத்தி தம்பியோடு அதே பாடசாலையில் படிப்பிக்கிற டீச்சர். நாலாவது ஆள் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். அதனால்தான் ஒருநாள் தம்பி என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒராள் குறையுது. சும்மா வந்து இரிங்க."

"எனக்குத் தெரியாதே."

"தெரியத் தேவல்ல. அவன் விட்டுட்டுப் போன ஆள் ஒண்டு கிடக்கு. அதையே எடுங்க."

விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. கதிரை வெறுமையாக இருந்தது, போய் உட்கார்ந்தேன்.

கட்டார்க்காரன் விட்டுப் போனது இரும்பர் குலத்துப் பெண் ஒருத்தி. ஓட்டமாவடித் தம்பி அந்தக் குலத்தைப் பற்றி உற்சாகமாகச் சொன்னான். சாம்பல் நிறத் தோல். சாதாரண மனிதரைவிட ஒன்றரை மடங்கு உயரம். வென்ற சண்டை ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு சடை பின்னிக்கொள்வார்கள். வாளை ஓங்குமுன் தன் பெயரையும் தாயின் பெயரையும் எதிரிக்குச் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் வெட்ட மாட்டார்கள். விழுந்தவரின் ஆயுதத்தை நிலத்தில் விட்டுவிட்டு வர மாட்டார்கள்.

"இரும்பர் ஒருக்காலும் சரணடைய மாட்டாங்க அக்கா. அடைஞ்சா சடையெல்லாத்தையும் வெட்டிப் போட்டு, குலத்துல இருந்து பேர எடுத்துருவாங்க. பிறகு அந்த ஆள ஒருத்தரும் கண்ணால பாக்க மாட்டாங்க."

தம்பி தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் நான் இயக்கத்துக்குப் போனேன். போனாயா, கொண்டுபோனார்களா என்று கேட்டால் இரண்டுக்கும் ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். வன்னியில் கடைசிச் சண்டை முடிந்தபோது சரணடைந்தேன். புனர்வாழ்வு முகாமில் இருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன். இடது காது சரியாகக் கேட்காது. சந்தியில் மா அரைக்கும் மில்லில் வேலை, அங்கே இரைச்சலில் யாருக்கும் எந்தக் காதும் கேட்காததால் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. நான் திரும்பி வந்தபோது தம்பி சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அம்மாவும் சாகும்வரை கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஆக, நான் இரும்பச்சி ஆனேன். சில மாதங்கள் அப்படிப் போயின. எனக்கு அந்த விளையாட்டு நன்றாக வந்தது. எந்தக் கதவால் போகவேண்டும், யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்வேன். தாயக்கட்டையை உருட்டுவேன். "அக்கா வெட்டித் தள்ளுறா!" என்று டீச்சர் கைதட்டுவாள். அவளுடைய மந்திரவாதி ஒருமுறை செத்துப்போனான். அடுத்த ஞாயிறு அவள் வேறு பெயரோடு, வேறு தொப்பியோடு இன்னொரு மந்திரவாதியாக வந்து உட்கார்ந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கவேண்டிய இடம் எனக்குத் தெரியும்.

மாரி தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. கதையில் நாங்கள் ஒரு பழைய கோட்டைக்குள் இருந்தோம். வெளியே எதிரிப்படை சுற்றி வளைத்துவிட்டது. ஆயுதங்களைப் போட்டுவிட்டு வெளியே வரச்சொல்லிப் பறையடித்தார்கள்.

"நாங்க வெளியில பாய்ஞ்சு சண்டை பிடிச்சுச் சாவம்," என்றான் தம்பி. அவன் ஒரு கோடாரிக் குள்ளன்.

"என்னட்ட நெருப்பு மந்திரம் ஒண்டு மிச்சம் கிடக்கு," என்றாள் டீச்சர்.

ஓட்டமாவடித் தம்பி என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் ஆவல் இருந்தது. இரும்பச்சி எழுந்து கர்ச்சிக்கப் போகிறாள் என்று காத்திருந்தான்.

"அக்கா, உங்கட ஆள் என்ன செய்யிறா?"

"உள்ளுக்கு வேற ஆக்கள் இரிக்காங்களா?" என்று கேட்டேன்.

அவன் தாளைப் புரட்டினான். "ஊர்ச்சனம் இரிக்கு. நிறையப் பேர்."

"குடிக்கத் தண்ணி?"

"அது எழுதல்ல... இல்ல எண்டு வைப்பமே."

"அப்ப நான் வாளக் கீழ வெச்சிட்டு, சனத்தக் கூட்டிக்கொண்டு வெளிய போறன்."

டீச்சர் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பாள். "அக்கா, நீங்க இரும்பர் எல்லோ! புத்தகத்துல கிடக்கே, சரணடைய மாட்டாங்க எண்டு."

"தெரியும் டீச்சர். வாசிச்சன்."

"சடைய வெட்டுவாங்க."

"வெட்டட்டும்."

ஓட்டமாவடித் தம்பி தாயக்கட்டையை என் பக்கம் தள்ளினான். வெளியே போகும்போது எதிரிகள் அம்பெய்வார்களா, போகவிடுவார்களா என்பதற்கு உருட்டவேண்டும். உருட்டினேன். சின்ன எண்தான் விழுந்தது.

"இத விடுவம்," என்றான் அவன். "திருப்பி உருட்டுங்க."

"இல்ல. விழுந்தது விழுந்ததுதானே. சொல்லுங்க."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒரு அம்பு வருது. உங்களுக்கு முன்னால போன ஒரு கிழவன் விழுறான்."

"நான் நிக்கல்ல. நடக்கிறன்."

"கிழவனத் தூக்கல்லயா அக்கா?" டீச்சரின் குரல் மாறியிருந்தது.

"இல்ல. நிண்டா பின்னால வாறவங்களும் நிப்பாங்க. எல்லாருக்கும் படும்."

தம்பி எழுந்து உள்ளே போனான். குசினியில் தண்ணீர்ப் பானை மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவன் நீண்ட நேரம் வரவில்லை. டீச்சர் மேசைக்குக் குறுக்கே என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை சூடாக இருந்தது. "மழை விட்டாப் போங்க, நனைஞ்சு போகாதிங்க," என்றேன். அன்று அதற்குமேல் விளையாடவில்லை.

ஓட்டமாவடித் தம்பி தொழுதுவிட்டு வந்தான். பாயைச் சுருட்டி என்னிடம் தந்தான். மழை விட்டிருந்தது. அவனை அனுப்பக் கேற்றடிக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் ஆசனத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நீங்க ஆரெண்டு எனக்கு முந்தியே தெரியும். உங்கட தம்பி சொல்லல்ல. நானா விளங்கிக்கொண்டன்."

"ம்."

"அந்த இரும்பர உங்களுக்குத் தந்திருக்கப்படாது."

"நீங்க தரல்ல. கட்டாருக்குப் போனவர் விட்டுட்டுப் போனதுதானே."

அவன் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க ஈரம் எதுவும் மிச்சமில்லை.

"எங்கட சாச்சா ஒராள் இருந்தாரு, வாப்பாட தம்பி. நான் பிறக்க முந்தி. வயலுக்குப் போகக்குள்ள கொண்டுபோன. வரல்ல. வாப்பா இப்பவும் அந்த றோட்டால போனா சலவாத்து ஓதுவாரு."

யார் கொண்டுபோனது என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது நான் கைக்குழந்தையாக இருந்திருப்பேன். ஆனால் கொண்டுபோனவர்கள் போட்டிருந்த அதே இயக்க உடுப்பைத்தான் பிறகு நானும் போட்டேன்.

"இஞ்ச முதல் நாள் வந்தண்டு உங்களிட்ட ஏதோ கேக்கணும் எண்டு இருந்தன் அக்கா. என்ன கேக்கிறண்டு தெரியல்ல. பிறகு நீங்க பாயக் கழுவிப் போட்டிருந்தீங்க. விட்டுட்டன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தேன். மில்லில் கரண்ட் போன பிறகு இருக்கும் அமைதிதான் அங்கே இருந்தது. "பாத்துப் போங்க. பாலத்தடி வழுக்கும்," என்றேன். "வாறன் அக்கா," என்று போனான்.

அன்று பொழுதுபட விளக்கைப் போட்டுவிட்டு, மறுநாளுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தம்பி வந்து எதிரே நிலத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, அந்தக் கிழவன் ஆரு?"

"கிழவன் இல்ல. என்னோட இருந்த ஒரு பிள்ள. ஊர் பழுகாமம்."

அவனுக்குச் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் ஆயுதத்தை மணலில் புதைத்துவிட்டுச் சனத்தோடு சனமாக நடந்தோம். அவளுக்கு மாற்றுடுப்பு இல்லை. வழியில் ஒரு அம்மா தன் மகளின் நீலப்பூப் போட்ட சட்டையைக் கொடுத்தாள். அது அவளுக்கு இறுக்கமாக இருந்தது. அவள் எனக்கு முன்னால் நடந்தாள். வெடிச்சத்தம் கேட்டது, அவள் விழுந்தாள். நான் தாண்டிப் போனேன். திரும்பிப் பார்த்தேன், அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அவட தாய்க்குத் தெரியுமா?"

"முகாமால வந்த கையோட போய்ச் சொன்னன். நம்பல்ல. இனி இஞ்ச வராத எண்டு ஏசினா. காணாமப்போன ஆக்கள்ற போராட்டத்துல படத்தோட இருக்கிறா."

தம்பி சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஒருக்காப் போவமா? நானும் வாறன்," என்றான்.

அடுத்த சனிக்கிழமை போனோம். வாவியைக் கடந்து மறுகரையான படுவான்கரைக்குப் போனதும் வயல்வட்டை முழுக்கப் பச்சையாக இருந்தது. அந்த அம்மா முற்றத்தில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தா. நன்றாக மெலிந்திருந்தா. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டா என்பது கையிலிருந்து தீன் மொத்தமாக விழுந்ததில் தெரிந்தது. ஏசவில்லை. இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டா. சுவரில் மகளின் படம், சட்டம் புதிதாக மாற்றியிருந்தது. பாடசாலை வெள்ளை உடுப்பில் இருந்தாள்.

கொஞ்ச நேரம் மாரியைப் பற்றி, வெள்ளத்தைப் பற்றிக் கதைத்தோம். பிறகு அந்த அம்மா என்னைப் பாராமல் கேட்டா.

"அண்டைக்கு என்ன உடுப்புப் போட்டிருந்தா எண்டு சொல்லுவியா? முந்தி வந்தநேரம் நான் கேக்க மறந்துட்டன்."

"நீலப்பூப் போட்ட சட்டை அம்மா."

அவ நெற்றியைச் சுருக்கி யோசித்தா. ஒவ்வொரு உடுப்பாக நினைத்துப் பார்ப்பது போல உதடுகள் அசைந்தன. பிறகு முகம் தெளிந்தது.

"அவளுக்கு அப்பிடி ஒரு சட்டை இல்ல," என்றா. "நான்தானே அவளுக்கு எல்லாம் தைச்ச. நீலத்துல ஒண்டும் இல்ல. அப்ப அது என்ட பிள்ள இல்ல. நீ ஆரையோ மாறிப் பாத்திருக்கிறாய் மகள்."

தம்பி என்னைப் பார்த்தான். சட்டை யாருடையது என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என்னிடம் இருந்தது. அந்த அம்மா எழுந்து உள்ளே போய் இரண்டு கிண்ணத்தில் தயிரும் சீனியும் கொண்டுவந்தா. அவவின் நடையில் இப்போது ஒரு சுறுசுறுப்பு இருந்தது.

"சாப்பிடுங்க. எருமைத் தயிர். வீட்டுலதான் உறைய வெச்ச."

நான் தயிரைச் சாப்பிட்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

வெளிக்கிடும்போது படலைவரை வந்து, "இடைக்கிடை வந்து போ," என்றா. அழ வேண்டும் போல இருக்கும் என்று நினைத்தேன். வரவில்லை. வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான்.

பாலத்தில் தம்பி வண்டியை நிறுத்தினான். ஓரமாக ஒருவர் மீனும் கருவாடும் விற்றுக்கொண்டிருந்தார். தம்பி கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த விளையாட்ட நிப்பாட்டிருவமா அக்கா?"

"ஏன் நிப்பாட்டுவான்? ஓட்டமாவடிப் பிள்ள அவ்வளவு தூரத்துல இருந்து வருது. வேற ஒராள எனக்குத் தாங்க."

"என்ன ஆள்?"

யோசித்துப் பார்த்தேன். அவன் பல குலங்களின் பெயரைச் சொன்னான், மரத்தில் வாழ்பவர்கள், பாடிக்கொண்டு திரிபவர்கள், பூட்டுத் திறப்பவர்கள். எதற்கும் மனம் போகவில்லை.

"எதெண்டாலும் சரி," என்றேன். கணவாய்க் கருவாடு இரண்டு கைப்பிடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன்.