அழிக்க முடியாத டிஸ்க்

இறந்துபோன அப்பா, அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலில் உகப்படிப்பு என்ற வழிபாட்டுப் பாடலைச் சொன்ன குரல்பதிவு என் பழைய செல்பேசியில் இருந்தது. அதை டிஸ்க்கில் பதிந்து வைக்க, இரணியல் கடையில் போய்க் கேட்டேன்.

"இதுல ஒருக்கதான் எழுதலாம். அதுல எத்தன தடவையும் அழிச்சு எழுதலாம்" என்றார் கடைக்காரர். விலை கூடினாலும் இரண்டாவதே உசத்தி என்று வாங்கிப் பதிந்தேன். மேலே பெயர் எழுதவில்லை.

போன மாதம் என் தம்பி, காரில் கேட்க அதில் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டான்.

"அழிக்கவான்னு கம்ப்யூட்டர் கேட்டுதுக்கா. செரின்னு அமுக்கிட்டேன்."

கம்ப்யூட்டருக்கு இருந்த நிதானம்கூட இவனுக்கு இல்லை.

நல்லவேளை, பழைய செல்பேசியை நான் கொடுத்துவிடவில்லை. குரல் அதில் அப்படியே இருந்தது.

இப்போது ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க்கில் பதிந்து, மேலே அப்பா பெயரையும் எழுதிவிட்டேன். இனி தம்பி மறந்தாலும் அழியாது. நானே மறந்தாலும் அழியாது.