துரைசாமி சாரின் ஒன்பது தொட்டிகள்

செய்தி வந்தபோது நான் இந்தியக் கடையில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி நான்கைந்து முறை அதிர்ந்தது. எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள்: காலை நடைக்குப் போன துரைசாமி சார் மாரடைப்பில் போய்விட்டார். அதன் கீழே ‘அமைதியாக ஓய்வெடுங்கள்’ என்று ஆங்கிலத்தில் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓய்வு வேறு, சாவு வேறு என்று எங்களுக்கு எழுதியே காட்டிய மனிதர் அவர். காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.

பிளெய்ன்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அவரோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். எந்தப் புட்டியிலும் லேபிள் இருக்க வேண்டும். உள்ளே என்ன, யாருடையது, இப்போது என்ன நிலைமை என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். “நெலமை எழுதாத பாட்டிலும் குப்பையும் ஒண்ணுதானுங்க” என்பார். பெயர் எழுதாமல் நான் ஃப்ரிட்ஜில் வைத்த வத்தக்குழம்பை ஒருமுறை எடுத்து வெளியே வைத்துவிட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெயர் எழுதி வைத்தேன்.

எங்கள் பிரிவில் டிசம்பர் தோறும் ஆளுக்கொரு அமரிலிஸ் கிழங்கு கொடுப்பார்கள். பெரிய வெங்காயம் போல இருக்கும். தொட்டியில் வைத்துத் தண்ணீர் விட்டால் ஜனவரியில் மேஜை மேல் சிவப்பாகப் பூத்து நிற்கும். பூ தொங்கியதும் தொட்டியோடு குப்பைக்குப் போகும். துரைசாமி சார் அந்த வாரம் மேஜை மேஜையாக வருவார். “முடிஞ்சுதுங்களா? அப்ப எனக்குக் குடுங்க.” அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களில் நான்தான் முதல் ஆள். அடுத்த டிசம்பரில் அதே தொட்டி, என் பெயர் எழுதிய சீட்டோடு, மொட்டும் விட்டு என் மேஜைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தண்டை மட்டும் வெட்டினாராம், இலையைத் தொடவில்லையாம். “இப்பப் பூத்தது போன வருசத்து இலை சம்பாதிச்சதுங்க. இந்த இலையை வெட்டிப்போட்டா அடுத்த வருசம் எதை வெச்சுப் பூக்கும்?” ஜன்னல் வெயிலில் வைத்து, குளிர் விட்டதும் பால்கனிக்கு மாற்றி, கோடை முழுக்கத் தண்ணீரும் உரமும் கொடுத்து இலையை வளர்த்திருக்கிறார். செப்டம்பரில் தண்ணீரை அடியோடு நிறுத்திவிடுவாராம். இலை பழுத்து விழும். பிறகு பால்கனியை ஒட்டிய இருட்டு ஸ்டோரேஜ் அறையில் எட்டு, பத்து வாரம். அதன் பிறகுதான் மறுபடி வெளிச்சமும் தண்ணீரும்.

இரண்டு வருடம் முன்பு செப்டம்பர் கடைசியில் அவரும் அவர் மனைவி செல்வி அக்காவும் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார்கள். ஐந்து வாரம். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, “ஸ்டோரேஜ் பக்கம் மட்டும் போயிராதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் போனேன். இருட்டில் மொட்டையாக, காய்ந்த மண்ணில் பத்துக் கிழங்குகள். அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா வருவது? வாரத்துக்கு இரண்டு முறை, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தொட்டிக்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுக்கு மட்டும் என்றால் தப்பில்லை என்று எனக்கு நானே ஒரு கணக்கு.

திரும்பி வந்தவர் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்திருக்கிறார். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று போனால் முடிந்தது. என் தண்ணீரில் அழுகி முடிந்துபோனது அவருடைய சொந்தக் கிழங்கு. எல்லாவற்றிலும் மூத்தது. நான் ஒப்புக்கொண்டபோது அவர் திட்டவில்லை. ஆய்வகத்தில் தவறு நடந்தால் நிரப்பும் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். “காரணம் எழுதுங்க மாலதி.” நான் எழுதினேன்: மனசு கேட்கவில்லை. இப்படி ஒரு காரணத்தை எங்கள் பிரிவில் யாரும் எழுதியதில்லை. அவர் பேனாவை எடுத்து, ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் படிவம் எந்தக் கோப்புக்கும் போகவில்லை, என்னிடமே கொடுத்துவிட்டார். ஆனால் அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு தொட்டியிலும், பெயருக்குக் கீழே, தமிழில் ஒரு அட்டை தொங்கியது. ‘சாகவில்லை. ஓய்வில் இருக்கிறது. தண்ணீர் வேண்டாம்.’ சாவியையும் மறுபடி என்னிடமேதான் கொடுத்தார்.

துக்கம் கேட்கப் போனது மூன்றாம் நாள். டெக்சாஸிலிருந்து மகன் கார்த்திக் வந்திருந்தான். அம்மாவை இர்விங்கில் தன்னோடு வைத்துக்கொள்வதற்காக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். கதவருகே கறுப்புக் குப்பைப் பைகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒன்பது தொட்டிகள்.

“ஜஸ்ட் டெட் பிளான்ட்ஸ், ஆன்ட்டி” என்றான்.

சாவு வீட்டிலிருந்து எதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகக் கூடாது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். சுற்றிலும் ஆட்கள். கேட்காமல் விட்டால் மாலைக்குள் எல்லாம் குப்பைத்தொட்டியில். செல்வி அக்காவிடம் போய், “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தத் தொட்டிங்கள நான் எடுத்துட்டுப் போகட்டுமா?” என்றேன்.

அக்கா எழுந்து வந்து ஒரு அட்டையைத் திருப்பினார். மூன்று நாளாக அவர் யாரோடும் பேசவில்லையாம். வாய்விட்டுப் படித்தார். “சாகவில்லை. ஓய்வில் இருக்கிறது.” “இது உனக்காக எழுதுனதுதானே மாலதி” என்றவர் என் தோளில் சாய்ந்து உடைந்து அழுதார். பிறகு அவரே ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு என் கார் வரைக்கும் வந்தார். “இந்த அட்டைய மட்டும் எனக்குக் குடுத்துரு.” கழற்றிக் கொடுத்தேன்.

வெளியே எடுக்க அவர் சீட்டில் குறித்துவைத்திருந்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரமும் என் வீட்டு கராஜ் மூலையில் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. கை துறுதுறுத்தது. ஒரு சொட்டு ஊற்றவில்லை. அந்தத் தேதியில் வெளியே எடுத்து அமுக்கிப் பார்த்தேன். ஒன்பதும் கெட்டியாக இருந்தன. கொஞ்சமாக வெதுவெதுப்பான தண்ணீர் விட்டேன். இப்போது எல்லாவற்றிலும் பச்சை முனை தெரிகிறது.

பழைய பிரிவு நண்பர்களே, உங்கள் பெயர் எழுதிய தொட்டி என் ஜன்னலோரம் இருக்கிறது. வேலை மாறிப் போனவர்களின் வீட்டுக்கும் அவர் கார் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவந்தார். இந்த முறை நீங்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பூ முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டுங்கள். இலை இருக்கட்டும்.

என் பெயர் எழுதிய தொட்டி போக, அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தப் படிவம் ஒன்றுதான். போன வாரம் செல்வி அக்கா இர்விங்கிலிருந்து வீடியோவில் பேசினார். பின்னால் சுவரில் துரைசாமி சாரின் படம், சந்தன மாலை. மாலைக்குக் கீழே அந்த அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். சாகவில்லை. ஓய்வில் இருக்கிறது.

தப்பான லேபிள். சார் பார்த்திருந்தால் ஒரு நிமிடம்கூடப் பொறுத்திருக்க மாட்டார். எடுத்துவிடுங்கள் அக்கா என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று அவர் படிவத்தை நீட்டினால், எழுத என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட காரணம்தான்.