எண்பத்திரண்டில் கழற்றிய பிளக்

1. மணமில்லாத விமானம்

மின்சாரத்தில் பறக்கும் விமானம் எங்கள் ஹாங்கருக்கு, விமானக் கொட்டகைக்கு, வந்த நாளில் நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடம் பெற்றோல் எஞ்சின்களோடு கிடந்தவன் நான். காபுரேட்டர் கழுவி, ஒயில் மாற்றி, வீட்டுக்குப் போனால் மனைவி என் ஜாக்கெட்டை வெளியே பல்கனியில்தான் தொங்கவிடுவாள். அவ்வளவு மணம். இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் சட்டி கழுவியபடி ஜெர்மன் படித்து, பிறகு விமானம் கழுவி, அதற்குப் பிறகு சோதனை எழுதி எடுத்த மெக்கானிக் வேலை இது. அதைப் பறிக்க வந்த சாமான் என்றுதான் அந்த வெள்ளை விமானத்தை நினைத்தேன். உள்ளுக்குள் பயம், வெளியில் நக்கல்.

எங்கள் விமானத் திடல் பேர்ண் நகரத்துப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஒரே ஒரு ஓடுபாதை, ஒரு பறப்புப் பள்ளி, ஒரு சிறு உணவகம். பட்டறைப் பொறுப்பாளர் ரூடி. அவர் பேசுவது பேர்ண் ஜெர்மன்; இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"ஒரு வருசத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறம், சிவா. பிரயோசனமோ இல்லையோ எண்டு நீர்தான் பாத்துச் சொல்லவேணும். சரிவராட்டித் திருப்பி அனுப்புறன்."

"இப்பவே சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"ஒரு வருசம் எண்டு சொன்னனான்," என்றார் ரூடி.

2. தடியும் திரையும்

சின்னப் பெற்றோல் விமானங்களில் எரிபொருள் காட்டும் முள்ளை நாங்கள் எவரும் நம்புவதில்லை. அது தன் பாட்டுக்கு ஆடும். இறக்கைக்கு மேல் ஏறி, டாங்க் மூடியைத் திறந்து, கோடு கீறிய தடியை உள்ளே விட்டுப் பார்ப்போம். எவ்வளவு நனைந்திருக்கிறதோ அதுதான் கணக்கு. பறக்க ஏறிய பிறகு தடி விட முடியாது. மணிக்கூட்டைப் பார்த்து மனக்கணக்குப் போடவேண்டியதுதான்.

மின்விமானத்தில் ஒரு திரை, அதில் பற்றரி எத்தனை வீதம் என்ற இலக்கம், பக்கத்தில் இன்னும் எத்தனை நிமிடம் என்ற இலக்கம். பொய் சொல்லும் என்று நினைத்து மூன்று கிழமை ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். போகும்போது எத்தனை, வரும்போது எத்தனை, நடுவில் எத்தனை நிமிடம். ஒரு நாளாவது பிழைக்கட்டும் என்று காத்திருந்தேன். பிழைக்கவில்லை. கொப்பியை மூடி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன், ரூடியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மூடியைக் கழற்றி மோட்டாரைப் பார்த்தேன். வெட்கமாகக்கூட இருந்தது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, மாற்ற ஒயில் இல்லை. சுழலுவது ஒரே ஒரு உருளை. ஈரக் குளிரில் காபுரேட்டருக்குள் ஐஸ் பிடித்து எஞ்சின் நிற்கும் கவலையும் இல்லை. ஆகாயத்தில் மோட்டாரை நிற்பாட்டிவிட்டுத் திரும்பக் கேட்டால் அந்த நொடியே சுழலும். இதைச் செய்தவன் கெட்டிக்காரன்தான் என்று எனக்கே சத்தமாகச் சொன்னேன். ஹாங்கரில் ஒருவரும் இல்லை என்பதால் சொன்னேன்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு தடவை ஏற்றினால் ஐம்பது நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. திரும்ப ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். தை மாதத்தில் பற்றரிக்குச் சூடு காட்டவேண்டும். பெற்றோல் விமானமென்றால் பத்து நிமிடத்தில் டாங்கை நிரப்பிக்கொண்டு அல்ப்ஸ் மலையைத் தாண்டி டிச்சினோவில் கோப்பி குடித்துவிட்டு வரலாம். மின்விமானத்துக்கு அந்த எண்ணமே கூடாது. எழும்பி, திடலைச் சுற்றி, இறங்கி, திரும்ப எழும்பிப் பழகத்தான் அது. ஆனால் பறக்கப் பழகுகிறவர்கள் செய்வதும் அதைத்தான்.

3. தராசு

ஜெயந்தனைப் பற்றிச் சொல்லவேண்டும். பேர்ணில் பஸ் ஓட்டுகிறவர், பூம்ப்ளிஸில் வீடு, வயது நாற்பத்திநாலு. விமானம் ஓட்டும் லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்பது அவருக்குச் சின்ன வயதுப் பைத்தியம். காலை நெரிசலுக்கும் பின்னேர நெரிசலுக்கும் பஸ்ஸில் நிற்கவேண்டும். நடுவில் மதியம் மட்டும்தான் ஓய்வு. திடல் இருக்கிற கிராமத்திலோ மதியம் அமைதி நேரம். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை புல் வெட்டும் மெஷின்கூடப் போடக்கூடாத ஊர். வெளியிலிருந்து வருகிற விமானம் இறங்கலாம், ஆனால் பெற்றோல் எஞ்சினோடு திடலைச் சுற்றிச் சுற்றிப் பழக அந்த நேரத்தில் அனுமதி இல்லை. மின்விமானத்துக்கு அனுமதி கொடுத்தார்கள், அதன் சத்தம் ஒருவரின் சாப்பாட்டையும் குழப்பவில்லை. ஆகவே அந்த விமானம் இருந்தால் ஜெயந்தனுக்குப் பறப்பு உண்டு. அது திரும்பிப் போனால் இல்லை.

இன்னொரு தடை அவருடைய தொந்தி. மின்விமானத்தில் ஏறும் இரண்டு பேரும் சேர்ந்து நூற்று எழுபது கிலோவைத் தாண்டக் கூடாது. பயிற்சியாளர் ஊர்ஸ் எழுபத்தொன்பது. ஜெயந்தன் வரும்போது நூற்றிநாலு.

"அண்ணை, இந்தத் தராசு சரியோ?" என்று கேட்டார்.

"தராசு சரி. கொத்துரொட்டிதான் பிழை," என்றேன்.

ஐந்து மாதம் கொத்துரொட்டியை விட்டார், சோற்றைப் பாதியாக்கினார். ஆனியில் ஒரு வியாழக்கிழமை ஹாங்கர் தராசில் ஏறி நின்றபோது தொண்ணூறு காட்டியது. ஊர்ஸோடு சேர்த்தால் நூற்று அறுபத்தொன்பது. அன்று முதன்முறையாக அவருடைய மனைவி வாசுகியும் பார்க்க வந்திருந்தார்.

இங்கேதான் என் கை ஒரு வேலை செய்தது. பெற்றோல் விமானத்தில் இரண்டு பாரமான ஆட்கள் ஏறினால் டாங்கை நிரப்பமாட்டோம். ஒரு லிற்றர் பெற்றோல் முக்கால் கிலோ; ஆள் கூடினால் பெற்றோலைக் குறைப்போம். இருபத்தாறு வருடமாகத் தராசு எல்லையைத் தொட்டால் என் கை பெற்றோல் குழாயை மூடும். அன்று தராசு நூற்று அறுபத்தொன்பது சொன்னது. நான் வாசுகியோடு கதைத்தபடியே போய்ச் சார்ஜர் பிளக்கைக் கழற்றினேன். திரையில் எண்பத்திரண்டு.

பற்றரிக்கு நிரம்பினாலும் அதே பாரம், வெறுமையானாலும் அதே பாரம். சோதனையில் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கைக்கு அது தெரியவில்லை.

4. பத்து நிமிடம்

எண்பத்திரண்டோடு எழும்புவதற்குத் தடை இல்லை. ஊர்ஸ் திரையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து சுற்றுக்குப் பதில் நாலு சுற்று என்று முடிவெடுத்துப் போனார்கள். மூன்று சுற்று நன்றாக முடிந்தது. நாலாவதில் இறங்க வரும்போது அவர்களுக்கு முன்னால் வெளியூர்ப் பெற்றோல் விமானம் ஒன்று இறங்கியது. நடுப்பாதையில் அதன் இடது ரயர் வெடித்தது. ஒரு பக்கம் சரிந்து அப்படியே குறுக்கே நின்றுவிட்டது.

மின்விமானம் இறங்காமல் மேலே ஏறியது. ஹாங்கர் வானொலியில் ஊர்ஸின் குரல் கேட்டது.

"முப்பத்தொண்டு வீதம் இருக்கு, சிவா. பத்து நிமிசம் எண்டு வையும். பதறாமல் கெதியாச் செய்யும்."

மூன்று நாள் பெய்த மழையில் பக்கத்துப் புல்தரை சேற்றுக் களியாகக் கிடந்தது. அதில் இறங்கினால் முன்சில்லு புதைந்து விமானம் குப்புற விழலாம். அடுத்த திடலுக்கு மலை மடிப்பைத் தாண்டவேண்டும், அந்த வீதத்தோடு ஊர்ஸ் அதை நினைக்கமாட்டார். அப்போதுதான் எனக்கு எண்பத்திரண்டு ஞாபகம் வந்தது. நான் கழற்றாமல் விட்டிருந்தால் இன்னும் பதினெட்டு இருந்திருக்கும்.

வாசுகி என் கையைப் பிடித்தார். "அண்ணை, அவை ஏன் இறங்கேல்லை?"

"பாதையில மற்றப் பிளேன் நிக்குது தங்கச்சி. அதை எடுத்தாத்தான் இறங்கலாம்."

"எவ்வளவு நேரம் மேல நிக்கலாம்?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "பத்து நிமிசம்."

"அப்ப ஏன் நிண்டு கதைக்கிறியள்?"

சில்லு வைத்த பலகையைப் பிக்கப்பில் எறிந்துகொண்டு ரூடியும் நானும் ஓடினோம். வாசுகி கேட்காமலே பின்னால் ஏறிவிட்டார். வெடித்த ரயரின் றிம் தாரில் பதிந்து கிடந்தது. ரூடியும் அந்த விமானியும் இறக்கைத் தாங்கியின் கீழே தோள் கொடுத்துத் தூக்க, நான் பலகையைச் சில்லுக்குக் கீழே இடித்துத் தள்ளினேன். முதல் தடவை வழுக்கி வெளியே வந்தது. இரண்டாம் தடவை மாட்டியது. இடுப்பில் கட்டிய வானொலியில் ஊர்ஸ் இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு."

நாலு பேரும் தள்ளினோம். விமானம் விரல் விரலாக நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எங்களுக்கு மேலே அந்த வெள்ளை விமானம் அகலமாக வட்டம் போட்டது. ஊர்ஸ் உயரத்தைச் சேர்த்துக்கொண்டு மோட்டாரை அநேகமாக முழுக்கக் குறைத்துவிட்டார். கிளைடர் போல மிதந்தது, ஒரு சத்தமும் இல்லை.

"இருபத்திநாலு," என்றது வானொலி. வெகுநேரம் கழித்து, "இன்னும் இருபத்திநாலுதான். அவசரமில்லை."

அந்த வார்த்தையில்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆடுகிற முள்ளை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியாளரும் எனக்கு அப்படிச் சொல்லியிருக்க முடியாது. மேலே இருந்தவர்களுக்கும் கீழே இருந்த எனக்கும் அதே இலக்கம் தெரிந்திருந்தது. அதை நான் மூன்று கிழமை கொப்பியில் சோதித்தும் இருந்தேன்.

ரயர் வெடித்த விமானம் ஓரம் போய்ப் பாதை வெளித்தது. கையைக் காட்டினேன். இறங்கி நிற்கும்போது திரையில் பத்தொன்பது. ஜெயந்தன் இறங்கி வந்தார், சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"பஸ் எண்டால் ஓரமா நிப்பாட்டியிருப்பன்," என்றார். வாசுகி அவருடைய முதுகில் ஒன்று போட்டார், பிறகு அழுதார்.

5. காரணம் என்ற பெட்டி

பின்னேரம் ரூடியின் அறையில் மூன்று பேர் இருந்தோம். வாடகை முடிய இரண்டு கிழமை.

"பாத்தியளோ," என்றார் ரூடி. "பெற்றோல் எண்டால் பேசாமல் அடுத்த திடலுக்குப் போயிருப்பினம். பறக்க நல்ல சாமான், ஆனா பிழைப்புக்கு ஒத்துவராது. திருப்பி அனுப்புவம்."

ஊர்ஸ் என் பக்கம் திரும்பினார். "எண்பத்திரண்டில நிப்பாட்டினது பற்றரியின்ர ஆயுளுக்காகத்தானே, சிவா? அப்பிடித்தான் நான் நினைச்சன்."

முழுக்க ஏற்றாத பற்றரி கூடக் காலம் உழைக்கும். நல்ல காரணம், அவரே எடுத்து என் கையில் தந்தார். ஓம் என்று தலையாட்டினால் முடிந்தது. என் பெயர் சுத்தம், விமானம் போய்விடும், பெற்றோல் எஞ்சின்கள் எனக்கே. ஒரு வருடத்துக்கு முதல் நான் வேண்டி நின்றதும் அதுதானே. ஆனால் மேலே நின்றபடி சரியான இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்த அந்த விமானத்தின் தலையில் என் பிழையைக் கட்ட மனம் வரவில்லை. தராசில் ஏறி இறங்கி ஐந்து மாதம் பட்டினி கிடந்த ஜெயந்தனின் மதியமும் அதோடு போகும்.

"இல்லை," என்றேன். "தராசைப் பாத்தன், பாரம் கூட எண்டு கழட்டினன். பெற்றோலுக்குச் செய்யிற மாதிரி."

ரூடிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார். "நீர். இருபத்தாறு வருச மெக்கானிக்."

"அதாலதான்," என்றேன்.

"நான் கேட்டிருக்கவேணும்," என்றார் ஊர்ஸ். "பாத்தும் வாய் திறக்கேல்லை."

அறிக்கைப் படிவத்தில் காரணம் என்று ஒரு பெட்டி உண்டு. அதில் மெக்கானிக்கின் பழக்கம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பெற்றோல் விமானமென்றால் அடுத்த திடலுக்குப் போயிருக்கலாம் என்பதையும் எழுதினேன், அதுவும் உண்மைதான். கீழே என் சிபாரிசு: எப்போதும் முழுதாக ஏற்றவேண்டும், நாற்பது வீதத்துக்குக் கீழே போகாமல் இறங்கவேண்டும், பறப்புப் பள்ளிக்கு இதைவிட நல்ல விமானம் நான் கண்டதில்லை. கொப்பியையும் லாச்சியிலிருந்து எடுத்துப் படிவத்தோடு வைத்தேன். ரூடி அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இது எப்ப எழுதினது?"

"வந்து மூண்டு கிழமைக்குள்ள."

"அப்ப ஒரு வருசமா ஏன் சொல்லேல்லை?"

ரூடி வாடகையை நீட்டித்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். புதுச் சாமான் வந்தால் அது என்ன செய்யாது என்று பட்டியல் போடுவது சுகம். அதே நேரம் உங்கள் கை என்ன செய்கிறது என்றும் பாருங்கள்.

சார்ஜருக்கு மேலே ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருக்கிறேன், தமிழில். ஆள் பாரம் பார்க்காதே, நூறு வை. என்ன எழுதியிருக்கிறது என்று ரூடி கேட்டார். எனக்கு எழுதியது என்றேன். புரட்டாதியில் ஜெயந்தன் முதன்முறை தனியே பறக்கப் போன மதியம் அந்தத் துண்டின் முன்னால் நின்று மெதுவாக வாசித்தார். அதுவரை அவருக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அண்டைக்கு எண்பத்திரண்டில கழட்டினது நீங்களோ, அண்ணை?"

"ஓம். நான்தான்."

பிளக்கைத் தானே கழற்றி என் கையில் தந்தார். "இண்டைக்கு நூறு," என்றார். போய் ஏறினார். அவர் எழும்பிப் போன சத்தம் உணவக முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கும் கேட்கவில்லை. நானும், அன்றும் பார்க்க வந்திருந்த வாசுகியும் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.